ஏழாம் மாடிக்குப் படியேறியவர்

"ஏம்பா, லிஃப்ட் கடிக்குமா?"

கணக்காளரின் மகள் சின்னவளாக இருந்தபோது, ஒரு கண் மருத்துவமனையில் கூட்டத்துக்கு நடுவே இப்படிக் கேட்டாள். பிடித்திருந்த கை வேர்த்ததை வைத்தே அவள் கண்டுபிடித்துவிட்டாள். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கணக்காளர், படியேறினால் உடம்புக்கு நல்லது என்று சொல்லி அவளை மாடிப்படிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

பயத்தை மறைக்கச் சொல்கிற பொய் ஒரே இடத்தில் நிற்காது. அலுவலகம் ஏழாம் மாடிக்கு மாறியபோது அதுவும் கூடவே குடிவந்தது.

முதல் நாள் லிஃப்ட் வாசலில் நெஞ்சு படபடவென்று அடித்தது. பழைய பதிலையே சொல்லிவிட்டுப் படியேறினார். அதோடு விட்டிருக்கலாம். சந்தேகமாகப் பார்த்த டைப்பிஸ்ட் அம்மாவிடம், படியேறித்தான் தன் மூட்டுவலியே போனது என்று சேர்த்துச் சொல்லிவைத்தார். மறுநாள் அந்தம்மா அவர் பின்னால் ஏறினார். அடுத்த வாரம் பாதி அலுவலகம் ஏறியது.

இவர்களைக் கழற்றிவிட வேண்டுமே என்று, வெறும் வயிற்றில் ஏற வேண்டும், ஏறும்போது பேசக் கூடாது என்றெல்லாம் விதி போட்டார். விதி என்று வந்ததும் எல்லோருக்கும் நம்பிக்கை கூடிவிட்டது. மேனேஜரே தொப்பையும் கைக்குட்டையுமாக வந்து சேர்ந்தார். நாலாம் மாடித் திருப்பத்தில் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு, "கணக்கு சார், நீங்க மகான்" என்றார்.

அந்த மகானுக்கு மரியாதையாக ஓர் அறிவிப்பு வந்தது. அடுத்த திங்கள் முதல் லிஃப்ட் நிறுத்தம்.

டைப்பிஸ்ட் அம்மா குரலைத் தாழ்த்தினார். "லிஃப்ட்காரர் பொழப்பு போச்சு. பாவம், ரெண்டு பொம்பளப் புள்ளைங்க."

கணக்காளருக்குச் சோறு இறங்கவில்லை. ஒருமுறை யாருக்கும் தெரியாமல் லிஃப்டில் ஏறிப் பார்த்து, பாதியிலேயே இறங்கி, ஐந்தாம் மாடிப் படியில் நடுங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். லிஃப்டை அப்படியே விட்டுவிட்டு வந்து, தண்ணீர் கொடுத்து, மூச்சு சீராகும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அந்த லிஃப்ட்காரர்தான். யாரிடமும் மூச்சுவிடவில்லை. அவர் வயிற்றிலா அடித்துவிட்டோம் என்று கணக்காளர் துடித்தார். சாமி படத்துக்கு முன்னால் நின்றார். பயத்தைப் போக்கு என்று இந்த முறை வேண்டவில்லை. காலை மட்டும் நகர்த்தித் தா என்றார்.

திங்கட்கிழமை காலை லிஃப்ட் வாசலில் எல்லோர் முன்னாலும் நின்று சொன்னார்.

"நான் உடம்புக்காகப் படியேறல. லிஃப்ட்ல ஏறப் பயம், அதான். மூட்டுவலி எனக்கு வந்ததே இல்ல, போறதுக்கு."

மேனேஜர் குனிந்து தன் முழங்காலைப் பார்த்தார். "அப்போ இது வீங்கினது?"

"என்னாலதான் சார். மன்னிச்சுக்கோங்க. ஆனா லிஃப்ட் ஓடணும். இதோ, நானே ஏறுறேன்."

மேனேஜர் நொண்டிக்கொண்டே போய் அறிவிப்பைக் கிழித்தார். நான் உயிரோடு இருக்கும்வரை இந்த லிஃப்ட் நிற்காது என்றார். கூட்டத்தில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"பயம் போயிருச்சா?" என்று டைப்பிஸ்ட் அம்மா கேட்டார்.

"போகல. கூடவே வருது. வரட்டும். பட்டனை நான்தான் அழுத்துவேன்."

அவர் தனியாக ஏறட்டும் என்று எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். உள்ளே லிஃப்ட்காரர் மட்டும்தான். கதவு மூடியது. நெஞ்சு உதைத்தது. உதைத்துக்கொள் என்று விட்டுவிட்டு, மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டார். மூன்றாம் மாடிவரை பயம் ஏறியது. அதற்குமேல் அதற்கே மூச்சு வாங்கியதோ என்னவோ, கொஞ்சம் இறங்கியது.

அப்போதுதான் லிஃப்ட்காரரைக் கவனித்தார். சுவரோடு ஒட்டி, கண்ணை இறுக மூடி, வேர்த்து நின்றிருந்தார் மனிதர். கணக்காளர் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் வாயருகே பிடித்தார். தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டார். பார்க்க அங்கே யாரும் இல்லை.

"பயப்படாதீங்கண்ணே. உங்க வேலையக் காப்பாத்தியாச்சு."

லிஃப்ட்காரர் ஒரு மடக்கு விழுங்கிவிட்டுப் பாதிக் கண்ணைத் திறந்தார்.

"கெடுத்தீங்களே சார். இதுக்குள்ள நின்னாலே எனக்கு உயிர் போய் உயிர் வருது. லிஃப்டை நிறுத்திட்டு என்னை வாசல் கேட் காவலுக்கு மாத்துங்கன்னு மேனேஜர் கால்ல விழுந்ததே நான்தான்."