பிச்சைப் பாத்திரத்தில் விழுந்த மூடி

லுவாங் பிரபாங்,
வியாழக்கிழமை

பெருமதிப்புக்குரிய வண்ணாலி அக்காவுக்கு, தம்பி கம்பெங் கைகூப்பி எழுதுவது. இங்கே நான் நலம் என்று எழுதத்தான் ஆசை. பாக்சேயில் நீயும், உன் முழங்காலும், அத்தானும் நலமாக இருக்க வேண்டுகிறேன். முக்கியமாக அத்தான் நல்ல மனநிலையில் இருக்க வேண்டுகிறேன். காரணம் கீழே வரும்.

பஸ் ஏறும்போது நீ சொன்னது காதிலேயே நிற்கிறது. "மூணு வருஷமாச்சுடா எம்புள்ள முகத்தைப் பார்த்து. மடத்துல போனும் கூடாதாம். பாத்திரம் ஏந்தி வர்றப்ப ஒரே ஒரு படம் எடுத்துட்டு வா, இளைச்சிருக்கானான்னு பார்க்கணும்" என்றாய். அத்தானும் மனசே இல்லாமல் தன் கேமராவைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார். அந்தப் படம் இல்லை, அக்கா. எடுக்கவில்லை என்று சொன்னால் பொய். எடுத்தேன், முழுக்க வெள்ளையாக இருக்கிறது.

நேற்று மாலை இந்த விடுதியில் ஒரு நெட்டை வெள்ளைக்காரனைப் பிடித்து வைத்துக்கொண்டு நான் பாடம் நடத்தினேன். "பிக்குகள் வர்றப்ப கிட்டப் போகக் கூடாது, வெளிச்சம் அடிக்கக் கூடாது, எதிர்ப்பக்கம் தள்ளி நிக்கணும், தெரியுதா?" என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். விடுதிக்காரி பேங் அக்கா அவனுக்குப் புரியவைத்தாள். அவனும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான். இதை ஞாபகம் வைத்துக்கொள்.

இன்று விடியுமுன் கோயில் முரசு அடித்ததும் நானும் பேங் அக்காவும் தெருவோரம் போய்விட்டோம். பிச்சையை ஆண்கள் நின்றே இடலாம். ஆனாலும் நான் செருப்பைக் கழற்றி, தோளில் துண்டு போட்டு, பேங் அக்கா பக்கத்தில் மண்டியிட்டேன். பக்தி என்று அவள் நினைத்தாள். கீழிருந்து எடுத்தால் முகம் நன்றாக விழும் என்பதுதான் என் கணக்கு. மடியில் ஒட்டரிசிச் சோற்றுக் கூடை, கழுத்தில் கேமரா. பெரியவர்கள் கடந்தார்கள், உருண்டை உருண்டையாக ஒழுங்காகத்தான் இட்டேன். பிறகு உன் பிள்ளை, நம் சோம்லித் வந்தான். ஐயோ அக்கா, அந்த நடையே அப்படியே உன் நடை! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சோற்று உருண்டையைக் கேமரா பிடித்த இடது கைக்கு மாற்றி, வலது கையால் கேமராக் கண்ணாடியின் மூடியைக் கழற்றினேன். அதற்குள் பாத்திரம் முகத்துக்கு நேரே வந்துவிட்டது. இத்தனை வருஷப் பழக்கம், வலது கை தானாகப் பாத்திரத்துக்குள் போய், பிடித்திருந்த மூடியைப் போட்டுவிட்டு வந்தது. 'டங்' என்று ஒரு சத்தம். அந்த மௌனத்தில் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். இடது கை பதறியதில் சோறு கண்ணாடி மேல் அப்பிக்கொள்ள, வெளிச்சம் வேறு பளிச்சென்று அடித்துத் தொலைத்தது.

இதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. அத்தானின் மூடியாயிற்றே என்று, போட்டதை எடுக்கக் கையை நீட்டினேன்! பிக்குவின் பாத்திரத்துக்குள்! பேங் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "போட்டது போட்டதுதான். கையை எடுய்யா, மானம் போவுது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். எதிர்ப்பக்கம், நன்றாகத் தள்ளி, அந்த நெட்டையன் வெறுங்காலோடு அடக்கமாக நின்றுகொண்டிருந்தான்.

சோம்லித் தலை தூக்கவே இல்லை. தாய்மாமன் என்று ஒருத்தன் இருப்பதே தெரியாதவன் போலக் கடந்து போனான். பிக்கு அப்படித்தான் இருக்க வேண்டும், சரிதான். ஆனாலும் எனக்கு வலித்தது. நம்மை மறந்தேவிட்டானோ?

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சந்தைக்குள் நுழைந்தேன். சந்தைப் படமாவது எடுத்து உன்னைச் சமாதானப்படுத்தலாம் என்று எண்ணம். எனக்கு முன்னால் செய்தி அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. சாப்பிடுகிற ஆற்றுப்பாசி விற்கிறவள், "ஏண்டி, மூடி போட்ட புண்ணியவான் இவருதானா?" என்றாள். தவளைக்காரி கூடையைத் திறந்து நீட்டி, "மாமா, இதுல கையை விட்டுக்குங்க. இங்க யாரும் தடுக்க மாட்டாங்க" என்றாள். சந்தையே சிரித்தது. படமும் எடுக்கவில்லை, பாசியும் வாங்கவில்லை, ஓட்டமாக ஓடிவந்துவிட்டேன்.

பகலில் மடத்துக்கே போய் எடுக்கலாமே என்பாய். எந்த முகத்தோடு அந்த வாசலை மிதிப்பேன்? நாளைக் காலை பஸ்ஸில் கிளம்புகிறேன். நடந்ததை யாரிடமும் சொல்லாதே. உன் முழங்கால் சீக்கிரம் குணமாகட்டும். அத்தானுக்குப் பொறுமை பெருகட்டும்.

உன் வெட்கங்கெட்ட தம்பி,
கம்பெங்

பி.கு.: உறையை ஒட்டும்போது நெட்டையன் கதவைத் தட்டினான். நான் சொன்னபடியே தள்ளி நின்று ஒரே ஒரு படம் எடுத்து, கடையில் அச்சுப் போட்டுக்கொண்டு வந்தானாம். தரலாமா என்று பேங் அக்காவை விட்டுக் கேட்டான். இத்துடன் வைத்திருக்கிறேன். என்னைத் தாண்டி நாலடி போனபின் உன் பிள்ளை திரும்பிப் பார்க்கிறான். காவித் துணியால் வாயைப் பொத்தியிருக்கிறான், கண்ணில் நீர் முட்டச் சிரிப்பு. கன்னம் உருண்டு கிடக்கிறது, இளைக்கவில்லை. நாளைக்குக் கிளம்பவில்லை, மடத்துக்குப் போகிறேன். படத்தின் ஓரத்தில் கையை நீட்டிக்கொண்டு மண்டியிட்டிருப்பவனை அத்தான் பார்ப்பதற்குள் கத்தரித்துவிடு. இல்லை, வேண்டாம், கத்தரிக்காதே. அவன் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறான்.