சதஹாரு அலைவரிசை பிடித்த படலம்

வாழி, மொரிவாகி சதஹாரு! இரு தீவுகளுக்கிடையே நெருக்குண்டு சீறும் நீரிணையின் தென்கரையாம் மோஜி நகரில், சரிவின்மேல் சரிவாய் ஏறும் தெருக்களிலெல்லாம் நகரப் பேருந்தை நெடுங்காலம் செலுத்தியும் ஒரு பூந்தொட்டியைக்கூட உரசாத திண்தோளனே! வெண்கையுறைக் கோமானே! விடுமுறை நாளிலும் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டும் ஒழுக்கச் செம்மலே! உன் மேசைக் கணினியின் முன் நீ கண்ட களத்தை இங்கே உரைக்கப் புகுந்தோம். எம் சொல்லில் பிழை இருந்தால் பொறுத்தருள்க. கணினியில் இருந்த பிழைகளை நீ பொறுக்கவில்லை என்பதை அறிவோம்.

இந்நீரில்தான் முன்னொரு நாள் இரு பெருங்குலங்கள் நாவாயேறிப் பொருதன. பாலகனாகிய பேரரசன் பாட்டியின் கைகளில் அலைக்கடியில் போனான். அப்போர் ஒரு பகலில் முடிந்தது என்பர். சதஹாருவின் போரும் ஒரு பகலில்தான் முடிய வேண்டியிருந்தது, ஏனெனில் பிற்பகல் மூன்று மணியளவில் ஃபுஜிசாகி மாரு என்னும் கப்பல் நீரிணைக்குள் நுழையும். சிமெண்டு சுமக்கும் கப்பல் அது. சாம்பல் படிந்த மேனியும் தடித்த இடுப்பும் உடையது. அழகென்று சொல்ல அதன் மாலுமிகளே தயங்குவர். ஆயினும் அதன் மூன்றாம் அதிகாரி, சதஹாருவின் ஒரே மகள் மிசுஹோ. நீரிணை கடக்கும் கப்பல் கரையிலுள்ள கண்காணிப்பு நிலையத்தை வானொலியில் அழைத்துத் தன் பேரும் போக்கும் சொல்ல வேண்டும். அன்று அதை முதன்முறையாகச் சொல்லப் போகிறவள் அவளே.

இச்செய்தியை அவள் தாய் கினுயோவிடம் மட்டும் தொலைபேசியில் சொல்லியிருந்தாள்.

“அப்பாகிட்ட சொல்லிடாதம்மா. ரேடியோ கிளப்பையே கூட்டிட்டு வந்து உக்காந்துடுவாரு. எனக்கு வாய் குழறிடும்.”

“நான் ஏன்டி சொல்லப்போறேன்?” என்று சூளுரைத்த கினுயோ, போனை வைத்த கையோடு கணவனிடம் சொல்லிவிட்டாள்.

சதஹாருவின் நெஞ்சில் தீ மூண்டது. தாயிடம் மணிக்கணக்கில் பேசும் மகள் தந்தையிடம் பேசுவது எப்படியென்று அவ்வீட்டின் சுவர்கள் அறியும். “நல்லா இருக்கியா?” “இருக்கேன்பா.” “சாப்பிட்டியா?” “ஆச்சுப்பா.” அதன்பின் இருவரும் வானிலையைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்வர், அதன்பின் தொலைபேசி தாயிடம் மீளும். அவன் அவளைக் குறை கூறியதில்லை. ஆயினும் மகள் உலகத்தோடு பேசும் குரல் எப்படியிருக்கும் என்பதை ஒருமுறையேனும் கேட்க வேண்டுமென்ற வேட்கை, கொதிகலனில் அடைபட்ட நீராவிபோல் அவனுள் முட்டிக்கொண்டிருந்தது.

அவனுடைய பழைய வானொலிப் பெட்டியோ போன மழைக்காலத்தில் கூரை ஒழுகியதில் மூச்சை விட்டிருந்தது. ரேடியோ கிளப்பின் செயலாளனும் அவன் பள்ளித் தோழனுமாகிய யசுமாசா, தன் வீட்டுக்கு வந்து கேட்கும்படி அழைத்தான். அப்போது சதஹாரு, அவையதிர உரைத்த வஞ்சினம் இது:

“என் பொண்ணு குரலை அடுத்தவன் வீட்டுப் பெட்டியில கேக்கணும்னா, நான் எதுக்குய்யா இத்தனை வருஷமா ரேடியோ லைசென்ஸ் வெச்சிருக்கேன்?”

“சரி சரி, கத்தாத. காது போகுது” என்றான் யசுமாசா, தொலைபேசியின் மறுமுனையில்.

வஞ்சினம் உரைத்தவன் படைக்கலம் தேடினான். அது கட்டைவிரலளவே ஆன கருங்கோல். ஒருமுனையில் கணினியில் செருகும் நாக்கு, மறுமுனையில் ஆன்டெனா பூட்டும் சிறுவாய். அதைக் கணினியில் செருகி உரிய மென்பொருளை எழுப்பினால் கணினியே வானொலியாகும், வானில் திரியும் அலையெல்லாம் திரையில் வண்ணக் கோடாய் இறங்கும் என்பது அதன் வரம். காலை மிசோ சூப் ஆறும் முன்பே சதஹாரு கையுறை அணிந்தான், கோலைச் செருகினான், விண்டோஸ் என்னும் அகழிசூழ் கோட்டையை உழிஞைப் பூச் சூடாமலே முற்றுகையிட்டான்.

கோட்டை அவனைச் சிரித்த முகத்தோடு வரவேற்றது. இன்னோசை ஒன்று எழுப்பி, “சாதனம் தயார்” என்றது. மென்பொருளை எழுப்பினான். அதுவோ, “சாதனம் எதுவும் இல்லை” என்றது. ஒரே கணினியின் இரு வாய்கள் ஒரே பொருளைப் பற்றி இரு வேறு சாட்சி சொல்வது கண்டு, நடுநிலை தவறாத நெஞ்சினனாகிய சதஹாரு திகைத்தான். பிடுங்கினான், செருகினான். வேறு துளையில் செருகினான். கணினியை அணைத்து, கைகட்டிக் காத்திருந்து, மீண்டும் எழுப்பினான். தயார் என்றது, இல்லை என்றது. வெட்கத்தை விட்டு யசுமாசாவை அழைத்தான்.

“யோவ் சதா, அந்தக் குச்சியை உன் கணினி டி.வி. கருவின்னு நெனச்சுக்கிட்டு இருக்கு. டி.வி.க்கு உள்ள டிரைவரைப் போட்டிருக்கும். அதை மாத்தணும். மாத்துறதுக்குன்னே ஒரு சின்ன மென்பொருள் இருக்கு, அனுப்புறேன். லிஸ்ட்ல ‘பல்க் இன்’னு ஒண்ணு வரும். அதை மட்டும் தொடு. வேற எதையும் தொடாத. கேக்குதா?”

“கேக்குது.”

“வேற எதையும் தொடாதன்னு சொன்னேன்.”

“கேக்குதுய்யா!”

“இல்லேன்னா இங்க வந்துடு. டீ போட்டுத் தர்றேன்.”

சதஹாரு போனை வைத்தான். மாற்றும் மென்பொருளைத் திறந்தான். அங்கே கணினியில் குடியிருக்கும் சாதனங்கள் யாவும், போர்க்கோலம் பூண்டு முகம் மறைத்த வீரர்போல், ஒன்றன்கீழ் ஒன்றாய் விளங்காத பெயர்களோடு நின்றன. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றினான், இறக்கினான். பகைவனை அடையாளம் கண்டான். பெருமூச்செறிந்து, நாண் இழுத்து, அம்பை விட்டான். “வெற்றிகரமாக மாற்றப்பட்டது” என்று திரை முழங்கியது.

அவன் மாற்றியது மௌஸின் டிரைவர்.

திரையின் நடுவே வெள்ளை அம்புக்குறி, தேர்க்கால் புதைந்த வீரன்போல் அசையாது நின்றது. சதஹாரு மௌஸை மேசைமேல் தேய்த்தான், தொடைமேல் தேய்த்தான், தலைகீழாய்ப் பிடித்து அதன் வயிற்றுச் செவ்வொளியை நோக்கினான். ஒளியும் அவிந்திருந்தது. கூடத்திலிருந்து எட்டிப் பார்த்த கினுயோ நிலைமையை ஒரே நோக்கில் உணர்ந்தாள்.

“காலம் பூரா டிரைவரா இருந்திருக்கீங்க. ஒரு டிரைவரை மாத்த இவ்ளோ பாடா?”

“நான் ஓட்டுற டிரைவர். இது வேற.”

“அது தெரியுது. நீங்க ஓட்டினா ஓடும்.”

இச்சொல்லம்பு தைத்தும் அவன் சாயவில்லை. குதிரை வீழ்ந்தபின் தரையில் நின்று பொரும் மறவனைப்போல், விசைப்பலகை ஒன்றையே வாளாய் ஏந்தினான். தாவல் விசையால் தாவி, அம்பு விசைகளால் ஊர்ந்து, சாதனங்கள் உறையும் பட்டியலைத் திறந்து, கிளை கிளையாய் விரித்து, தன் கையால் வீழ்த்திய மௌஸின் பெயர் எங்கோ அயலான் பெயர் பூண்டு கிடப்பது கண்டு, அதை வேரோடு நீக்கி, கம்பியைப் பிடுங்கி, மூச்சடக்கி, மீண்டும் செருகினான். செவ்வொளி எரிந்தது. அம்புக்குறி அசைந்தது. அவ்வளவில் நண்பகல் கடந்திருந்தது. கினுயோ கொண்டுவந்து வைத்த சோற்றுருண்டைகள் இரண்டும் தீண்டப்படாமல் காய்ந்தன.

இம்முறை ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டு எழுத்தெழுத்தாய்ப் படித்தான். பல்க் இன் என்பதைக் கண்டான். அதை மட்டும் தொட்டான். பேருந்தின் கதவை மூடுமுன் கண்ணாடியில் இருமுறை பார்ப்பதுபோல் இருமுறை பார்த்து, ஆணையிட்டான். மென்பொருள் எழுந்தது. கருந்திரையில் நீல அருவி ஒன்று மேலிருந்து கீழாய்ச் சொரியத் தொடங்கியது. மோஜியின் வானம் முழுதும் அவன் முன் இறங்கியது.

ஆயின் அருவியின் குறுக்கே, தலையிலிருந்து கால்வரை, மஞ்சள் நிற வேலிகள் அடுக்கடுக்காய் நின்றன. இரைச்சல்! வீட்டுக்குள்ளேயே ஏதோ ஒரு மின்கருவி குப்பையலை கக்குகிறது. சதஹாரு தன் இல்லத்தின் மேலேயே படையெடுத்தான். போன் சார்ஜரைப் பிடுங்கினான், வேலி அசையவில்லை. தொலைக்காட்சியைப் பிடுங்கினான், அசையவில்லை. குளிர்சாதனப் பெட்டியைப் பிடுங்கி, மனைவியின் பார்வை கண்டு உடனே செருகினான். கழிப்பறை சென்று, சூடான இருக்கையின் மின்கம்பியை உருவினான்.

“அதையுமா? குளிருதுங்க!”

“மூணு மணி வரைக்கும் பொறுத்துக்க.”

“எதை?”

இவ்வினாவுக்கு விடை கூற அவனுக்கு நேரமில்லை. எஞ்சியது ஒன்றே. கூடத்து மூலையில், கினுயோவின் தங்கமீன் ஒன்று தனியாட்சி செலுத்தும் கண்ணாடித் தொட்டி. அதன்மேல் அவள் அண்மையில் வாங்கி மாட்டிய வெள்ளொளி விளக்கு. சதஹாரு அதன் முன் நின்றான். மீன் அவனை நோக்கியது. விளக்கை அணைத்தான். மஞ்சள் வேலிகள், வாகை சூடிய மன்னன் முன் கோட்டைச் சுவர் சரிவதுபோல், ஒருசேர மறைந்தன. தெளிந்த நீல அருவியில், கண்காணிப்பு நிலையத்தின் அலைவரிசையில், மெல்லிய வெண்கோடு ஒன்று மின்னி மறைந்தது. யாரோ பேசுகிறார்கள்!

ஆனால் ஓசையில்லை.

ஒலியளவை உச்சிக்கு ஏற்றினான். கோடு மின்னியது, மௌனம். ஒலிபெருக்கியின் கம்பியைச் சோதித்தான், தட்டினான், காதை அதன்மேல் வைத்தான். மௌனம். கடிகாரம் மூன்றை நெருங்கிற்று. பீரங்கி வாயிலிருந்து குண்டு புறப்பட்டும் முழக்கம் கேளாத கொடுங்கனவில் அகப்பட்டவன்போல் அவன் நின்றபோது, கினுயோவின் குரல் கேட்டது.

“ஏங்க, சமையக்கட்டுல ஒரு ஆம்பள பேசறான்.”

“என்ன?”

“வந்து கேளுங்க. ரொம்ப மரியாதையா பேசறான்.”

சதஹாரு பாய்ந்தான். சமையலறை அலமாரியில், சோயா சாஸ் புட்டிக்கும் உலர்ந்த கடற்பாசிப் பொட்டலத்துக்கும் இடையில், கினுயோ பாட்டுக் கேட்கும் கம்பியில்லா ஒலிபெருக்கியிலிருந்து, கண்காணிப்பு நிலையத்தான் ஏதோ ஒரு கப்பலுக்கு நீரோட்டத்தின் வேகம் சொல்லிக்கொண்டிருந்தான். கணினி ஓசையையெல்லாம் மேசை ஒலிபெருக்கியைப் புறக்கணித்து இங்கே அனுப்பிவந்திருக்கிறது! அதைத் திருத்தும் வழி அவனுக்குத் தெரியும். ஆனால் அமைப்புகளைத் திறந்து கைவைத்த இடமெல்லாம் அன்று என்ன ஆயிற்று என்பதும் தெரியும். போர்க்கலையின் உச்சம் எதுவெனில், ஓடுகிற எதையும் தொடாதிருத்தல். சதஹாரு சமையலறைத் தரையில் மண்டியிட்டான்.

அச்சமையலறைக்குக் கடல்பக்கம் சன்னல் இல்லை.

“கப்பல் வருதுங்க!” என்று கூவி, கினுயோ தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு மாடத்துக்கு ஓடினாள். “வாங்க, வந்து பாருங்க! அதோ, பாலத்துக்குக் கீழ!”

“வரமாட்டேன்! நீ பாரு!”

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. வந்தது ஒரு பெண் குரல்.

வானொலியில் பிறர் பேசுவதைக் கேட்கலாம், கேட்டதை வெளியே சொல்லலாகாது என்பது அந்நாட்டுச் சட்டம். எனவே அவள் என்ன அறிவித்தாள் என்பதை இந்தக் கதையும் சொல்லாது. எப்படிச் சொன்னாள் என்று சொல்லத் தடையில்லை. தொடக்கத்தில் ஒரு சொல் குழறியது. பின் குரல் நிமிர்ந்தது. தாழ்ந்த, அவசரமில்லாத, ஒவ்வொரு சொல்லையும் கரையில் இறக்கி வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கும் குரல். நிலையத்தான் ஏதோ விளங்காமல் திருப்பிக் கேட்டான். அவள் மீண்டும் முதலிலிருந்து சொன்னாள். நன்றி கூறினாள். அலை அவிந்தது.

யானைப்படை முன் இமைக்காத கண்கள் அந்தச் சோயா சாஸ் புட்டியின் முன் இமைத்தன. பலமுறை இமைத்தன.

நெடுநேரம் கழித்து, கினுயோ உள்ளே வந்தாள்.

“கேட்டுச்சா?”

“ம்.”

“என்ன சொன்னா?”

“சொல்லக்கூடாது. சட்டம்.”

“ஓஹோ. வெளிய வந்து கைப்பிடியப் புடிச்சு நின்னு நம்ம ஊரையே பாத்துட்டுப் போனா. நானும் மத்தத சொல்ல மாட்டேன்.”

இரு பேரரசுகளும் தத்தம் எல்லையில் நின்று ஒன்றையொன்று அளந்தன.

“மத்ததுன்னா என்ன?” என்றான் சதஹாரு.

“நீங்க மொதல்ல.”

“அவன் திருப்பிக் கேட்டான். இவ கோவிச்சுக்காம மறுபடியும் சொன்னா. மொதல்லேர்ந்து.”

“கோவிச்சுக்காமயா?”

“ஆமா. நின்னு நிதானமா.”

கினுயோ தொலைநோக்கியை மேசைமேல் வைத்தாள். “முடியை வெட்டிட்டா” என்றாள். “காதுக்கு மேல. ஒரு வார்த்தை சொல்லல என்கிட்ட.”

“நல்லா இருக்கா?”

“உங்க அம்மா மாதிரி இருக்கா.”

சதஹாரு கையுறையைக் கழற்றினான். மாடத்துக்குச் சென்றான். நீரிணை வெறுமையாய் இருந்தது. வளைவுக்கு அப்பால் ஒரு சாம்பல் நிறப் பின்புறம் மறைந்துகொண்டிருந்தது. அவன் அதை நோக்கி, நகரப் பேருந்து ஓட்டுநர்கள் எதிரில் வரும் தோழருக்குக் காட்டுவதுபோல், ஒரு கையை மட்டும் சற்றே உயர்த்தினான்.

பிறகு மழை தூற ஆரம்பித்ததால் இருவரும் காயப்போட்டிருந்த துணிகளை உள்ளே எடுத்தார்கள்.