என் கன்னத்தில் ஆத்தா இறங்கிய கதை

மாப்பிள்ளை ஆகப்போகிறவனுக்குப் பரிசத் தேதி குறித்த அன்றே புத்தி கொஞ்சம் கழன்றுவிடும். எனக்கு அது முன்பே ஆடிக்கொண்டுதான் இருந்தது. தேதி குறித்ததும் மொத்தமாக விழுந்துவிட்டது.

தாப்பாவில் பெண் பார்த்தோம். பெயர் கலைவாணி, தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அவள் அப்பா சுங்காய் பக்கம் ஒரு தோட்டத்தில் மண்டோராக ஆட்களை மேய்த்து ஓய்வு பெற்றவர். பேச்சுவாக்கில் அவர், "இந்தக் காலத்துப் பையனுங்க மூஞ்சிக்கு என்னென்னமோ பூசறானுங்க லா" என்றார். நான் உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, "நான் சவுக்காரத்த தவிர ஒண்ணும் தொடமாட்டேன் மாமா" என்றேன். (யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.) "ஆம்பள!" என்று முதுகில் ஓர் அறை விட்டார். அந்த அறையில் சம்பந்தம் முடிவானது.

வீட்டுக்கு வந்து, அன்று எடுத்த படங்களைப் பார்த்தபோதுதான் பகீரென்றது. கலைவாணி பளிச்சென்று இருந்தாள். பக்கத்தில் நான். ஈப்போ வெயிலில் வருடக்கணக்காக மோட்டார் சைக்கிள் ஓட்டியதில் இரண்டு கன்னமும் மங்கு படர்ந்து, பருக்குழிகளோடு, லோரி போன செம்மண் சாலை மாதிரி இருந்தேன். பரிசப் படம் காலத்துக்கும் மாமனார் வீட்டு ஹாலில் தொங்கும். இந்த மூஞ்சியா தொங்குவது?

யாருக்கும் தெரியாமல் ஈப்போவில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். லேசர் பட்ட இடத்தில் பொடிப்பொடியாகக் கருப்புப் புள்ளிகள் வரும், தானாக உதிரும், கிள்ளக் கூடாது, வெயில் ஆகாது, விசேஷம் இருந்தால் முடித்துவிட்டு வாருங்கள் என்றார். இதில் 'தானாக உதிரும்' மட்டும் என் காதில் விழுந்தது. பரிசத்துக்குத்தான் இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருக்கிறதே என்று படுத்துவிட்டேன். ரப்பர் பேண்டால் சுண்டுவது போலத்தான் இருக்கும் என்றார்கள். நான் போட்ட சத்தத்தில் வெளியே முறைக்குக் காத்திருந்த ஒரு சீன அம்மா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாராம்.

வீட்டில் நானும் அம்மாவும்தான். சளி என்று சொல்லி முகமூடியோடு திரிந்தேன். ஒரு நாள் காலை, பல் விளக்கிவிட்டு வெறும் முகத்தோடு திரும்பினால் எதிரே அம்மா. கையிலிருந்த மீன் பையைக் கீழே வைத்தாள். என் கன்னத்தைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"தாயே, வந்துட்டியா!"

(அம்மை போட்டால் எங்கள் ஆட்கள் அதை நோய் என்று சொல்லமாட்டார்கள். மாரியம்மாவே விருந்தாளியாக உடம்பில் இறங்கியிருக்கிறாள் என்று கணக்கு.)

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மாமா காதுக்குப் போகும். அவர் 'ஆம்பள!' என்று அறைந்தது என்னாவது? வாயை மூடிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் வீடு கோயிலாகிவிட்டது. கேட்டில் வேப்பிலை. மீன் பக்கத்து வீட்டுக்குப் போனது. எனக்குக் கூழும் இளநீரும். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து, லேசர் பட்ட கன்னத்தில் அம்மா அப்பினாள். எரிந்தது. ஆத்தாவுக்குக் காற்று வேண்டுமென்று வாசலில் பாய் போட்டு உட்கார வைத்தாள். காற்று வரவில்லை, வெயில் முழுசாக வந்தது.

பக்கத்து வீட்டு முனியாண்டி அண்ணன் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு வந்து என் எதிரே சம்மணம் போட்டார்.

"தாயே, நாலு நம்பர் குடும்மா. இந்த வாரம் எடுக்கணும்."

"அண்ணே, நான் லா."

"தெரியும்டா. உன்கிட்ட யாரு கேட்டா? ஆத்தாகிட்ட பேசறேன், நீ சும்மா இரு."

பிறகு என் கன்னத்துப் புள்ளிகளை எண்ணி அவரே லாட்டரிக்கு ஒரு நம்பர் கட்டிக்கொண்டு போனார். (அது அடிக்கவில்லை. என் பக்தியில்தான் குறை என்று இன்றும் சொல்கிறார்.)

இதுவரை சிரிப்புதான். அதற்குள் அம்மா தாப்பாவுக்கு போன் போட்டுவிட்டாள். "ஆத்தா இறங்கியிருக்கா சம்பந்தி. மூணு தண்ணி ஊத்தாம நல்ல காரியம் எப்படி பண்றது?" அம்மை இறங்கித் தலைக்கு மூன்று தடவை தண்ணீர் ஊற்றுவதற்குள் ஆடி பிறந்துவிடும். ஆடியில் பரிசம் கிடையாது. அப்படியானால் ஆவணிதான்.

சாயங்காலம் கலைவாணி வீடியோவில் அழைத்தாள். கண்ணைச் சுருக்கி என்னையே பார்த்தாள்.

"கிட்ட வாங்க. இன்னும் கிட்ட. ஏங்க, ஆத்தா இப்படி கட்டங்கட்டமாவா வருவா?"

நான் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"வரிசையா நிக்கிது. எங்க ஸ்கூல் பிள்ளைங்ககூட இவ்ளோ நேரா நிக்காதுங்க. எந்த கிளினிக்?"

சொன்னேன். அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். வெகுநேரமானது.

"நாளைக்கு அப்பா உங்கள பாக்க வாராரு. நீங்களே சொல்லிருங்க. இல்லன்னா ஆவணி வரைக்கும் கூழ் குடிச்சிக்கிட்டு இருங்க." அப்புறம் குரலைத் தணித்து, "என்னால ஆவணி வரைக்கும்லாம் ஆகாது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. (மஞ்சள் கரைந்துவிடுமே என்று அடக்கிக்கொண்டேன்.)

மறுநாள் மாமா இளநீரும் எலுமிச்சை மாலையுமாக வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றினார். தோட்டமே நடுங்கிய மனிதர், கைகூப்பி, என் காலில் விழ முழங்காலை மடக்கினார்.

"வேணாம் மாமா! இது ஆத்தா இல்ல! லேசரு!"

கூப்பிய கையை இறக்காமல் அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"லேசரம்மாவா? அது எந்த ஊரு ஆத்தாய்யா?"

எல்லாவற்றையும் சொன்னேன். மிஷின், மங்கு, ஹாலில் தொங்கப்போகும் படம் எல்லாம். பாதி மடங்கிய முழங்காலை என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற மாமா, நாற்காலியைப் பிடித்து நிமிர்ந்தார்.

"அப்ப அந்த சவுக்காரம்?"

"அது போன மாசம் வரைக்கும் மாமா."

ஆத்தாவுக்குக் கொண்டுவந்த இளநீரை அவரே வெட்டி, அவரே குடித்தார். "பரிசத்துக்கு நேரத்தோட வந்திருங்க" என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

குறித்த நாளில் பரிசம் நடந்தது. புள்ளிகள் உதிரவில்லை. என் முகத்தைப் பார்த்து விருந்தாளிகள் பின்வாங்கியதும் மாமா மைக்கைப் பிடித்தார். "யாரும் பயப்படாதீங்க! மாப்பிள்ளைக்கு அம்மை இல்ல. அழகாவறதுக்கு அவரே போய் போட்டுக்கிட்டாரு. நல்லா சாப்பிடுங்க." அந்தப் படம்தான் அவர் வீட்டு ஹாலில் பெரிதாகத் தொங்குகிறது. வெயிலும் மஞ்சளும் சேர்ந்து செய்த புண்ணியத்தில் மங்கும் முன்னைவிடச் செழிப்பாக இருக்கிறது.

போன வருடம் என் மகளுக்குக் காய்ச்சலோடு உடம்பெல்லாம் கொப்புளம். பதறிப்போய் அம்மாவைக் கூப்பிட்டேன். வேப்பிலையோடு ஓடி வந்தாள். பேத்தியின் முகத்தைப் பார்த்துக் கைகூப்பப் போனவள், சட்டென்று நிறுத்தி என் பக்கம் திரும்பினாள்.

"டேய், உண்மைய சொல்லு. புள்ளைய எங்கியாச்சும் கூட்டிட்டுப் போனியா?"