அடுப்பெரியாத வீடு

மேடிப்புரி என்றொரு நாடு. ராஜா நல்லவர், மந்திரிகளும் நல்லவர்கள். சட்டங்கள் மட்டும் எங்கிருந்தோ தானாக வந்து குடிகள் தலையில் விழுந்துகொண்டிருந்தன.

ஆள் குடியில்லாத வீடெல்லாம் இனி அரசுக்குச் சொந்தம், அரண்மனை ஊழியருக்கு ஒதுக்கப்படும் என்று ஒருநாள் தண்டோரா போட்டார்கள். வீடு வீடாக ஏறி இறங்கியதில் அதிகாரிகளுக்குக் கால் வலித்தது. பாவம், அவர்களும் மனிதர்கள்தானே! உடனே சட்டத்துக்குத் திருத்தம் வந்தது. கோட்டைக் கோபுரத்தின் மேல் நின்று பார்ப்பார்கள். மூன்று நாள் எந்த வீட்டில் அடுப்புப் புகை எழவில்லையோ அது காலி வீடு.

அந்த வாரம்தான் அப்பாசாமியின் மனைவி வடிவு செத்துப்போனாள்.

அவள் மண் சுமக்க, அவர் சுவர் எழுப்பிக் கட்டிய வீடு அது. அவள் தலைமாட்டில் ஏற்றிய விளக்கைக் கருமாதிவரை அணையாமல் காக்க வேண்டும்; அந்த மனுஷனுக்கு இருந்த ஒரே கவலை அதுதான். சாவு வீட்டில் அடுப்பு மூட்டுகிற வழக்கமில்லை. பக்கத்து வீட்டுச் செண்பகம் கஞ்சி கொண்டுவந்து, "ஒரு வாயாவது குடிங்கண்ணே" என்று கெஞ்சிக் குடிக்க வைத்தாள்.

நாலாம் நாள் அதிகாரி வந்தார். வாசலில் நின்ற அப்பாசாமியின் முகத்தைப் பார்த்தபடியே, "இவ்வீட்டில் யாரும் இல்லை" என்று அறிவித்தார். வெந்த புண்ணில் வேல் பாய்ந்தது. அப்பாசாமி வழக்குப் போட்டார்.

"மூன்று நாளும் வீட்டில் இருந்தீரா?" என்று நீதிபதி கேட்டார்.

"இருந்தேங்கய்யா. வேற எங்க போவேன்?"

"அடுப்பு மூட்டினீரா?"

"சாவு விழுந்த வீட்டுல யாருங்கய்யா அடுப்பு மூட்டுவா? விளக்கு எரிஞ்சுதுங்க."

அரசு வக்கீல் எழுந்தார். "கனம் நீதிபதி அவர்களே! விளக்கு தருவது ஒளி. சட்டம் கேட்பது புகை."

"பிறகு எதை உண்டு உயிர் வாழ்ந்தீர்?" என்று நீதிபதி கேட்டார்.

"செண்பகம் கஞ்சி குடுத்துச்சுங்க."

"எந்த அடுப்பில் காய்ச்சிய கஞ்சி?"

"அது வீட்டு அடுப்புலதான்."

நீதிபதியின் முகம் மலர்ந்தது. எவ்வீட்டுச் சோற்றை உண்கிறானோ அவ்வீட்டிலேயே ஒருவன் வாழ்கிறான். ஆகவே மனுதாரர் செண்பகத்தின் வீட்டில் வாழ்கிறார். அவருக்குச் சமைத்துப் போட்டுவந்த மனைவியாரோ இறந்துவிட்டபடியால் எங்குமே வாழவில்லை. வீடு காலி என்று தீர்ப்பானது. கோபுரத்தில் ஏறிப் புகை பார்த்த அதிகாரியின் மைத்துனருக்கே அதை ஒதுக்கினார்கள். வேறு யாருக்குப் போகும்?

"நான் ஊத்துன கஞ்சியா உங்க வீட்டப் புடுங்கிச்சு? என் கையில கொள்ளிய வைக்க!" என்று செண்பகம் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்பாசாமி அவளுடைய மாட்டுக்கொட்டகையில் ஒண்டிக்கொண்டார். மைத்துனர் குடிவந்த அன்றே வடிவின் விளக்கை ஊதி அணைத்துவிட்டார்.

ஊருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தக் கோடையில் கொள்ளைநோய் வந்தது. தெருவுக்குத் தெரு சாவு. பெற்றவளின் பிணத்தைக் கூடத்தில் கிடத்திவிட்டு, பிள்ளைகள் அழுதுகொண்டே அடுப்பை ஊதினார்கள். அரிசி இல்லாதவர்கள் வெறும் தண்ணீரை ஏற்றிக் கொதிக்க விட்டார்கள். என்ன கொடுமையடா இது!

ராஜா உப்பரிகையிலிருந்து பார்த்தார். ஒரு வீடு பாக்கியில்லாமல் புகை. சாவு வீட்டில் அடுப்பெரியாது என்பது அவருக்கும் தெரியும். அவரும் இந்த மண்ணில் பிறந்தவர்தானே. ஆனந்தத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளே தண்டோரா முழங்கியது.

"இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், மகாராஜாவின் நல்லாட்சியில் இவ்வாண்டு ஒருவரும் சாகவில்லை! குடிகள் யாவரும் விழா எடுப்பீராக!"

தண்டோராக்காரன் மாட்டுக்கொட்டகையைத் தாண்டும்போது அப்பாசாமி ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். வையப் போகிறார் என்று அவன் பயந்துவிட்டான்.

"தம்பி, நெசமாவே ஒருத்தரும் சாவலயா?"

"ஆமாங்கய்யா. அரமனைச் சேதிங்க."

அப்பாசாமி அவன் கையை விடவில்லை.

"அப்போ எங்க வடிவப் பாத்தா சொல்லுப்பா. நேரா வீட்டுக்குப் போயிடப் போறா. அங்க இப்ப வேற ஆளுங்க இருக்காங்க."