எழுதின தட்டு மேலே, காலித் தட்டு கீழே

முதலில் தப்பு செய்தவன் மச்சினன். அதைச் சொல்லாமல் ஆரம்பித்தால் பூட்டுக்காரருக்குப் பெரிய அநியாயம்.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், பூட்டுக்காரரின் கல்யாணப் போட்டோ எடுக்கிற நேரம். மனைவியின் தம்பியான அந்தத் தடியன், கேமராக்காரர் 'ரெடி' என்றதும் குறுக்கே வந்து நின்றான். போட்டோவில் மாப்பிள்ளையின் வலது காது மட்டும் விழுந்தது. இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்கள் சுவரைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை அந்த வயசுல நல்லா இருந்திருக்கார்" என்று மச்சினனைக் காட்டுகிறார்கள்.

"தப்புதான் அத்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னானா? "காது நல்லா விழுந்திருக்கே" என்றான்.

பூட்டுக்காரர் கணக்கில் அது ஒன்றாம் நம்பர் தப்பு. ஏணியை வாங்கிப் போய் ஒரு படி குறைவாகத் திருப்பிக் கொடுத்தது பதினேழு. பூட்டுக்காரரே ஒருநாள் சாவியை உள்ளே வைத்துவிட்டு வாசலில் நின்றபோது, தெருவையே கூப்பிட்டு வேடிக்கை காட்டியது நாற்பத்து மூன்று. புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதும் பழையதை இங்கே கொண்டுவந்து இறக்கியது நூற்று நாற்பத்து மூன்று. பச்சை எழுத்துத் திரை, பிளாப்பித் தட்டு போட ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வாய், போட்டால் அரவை மில் சத்தம்.

"உங்களுக்கும் ஒரு மூளை வேணும்ல, அத்தான்!"

பூட்டுக்காரர் பழி வாங்கினார். அவன் கொடுத்த மூளையிலேயே அவன் தப்புகளை ஏற்றினார். படிப்பு நாலாம் வகுப்பு. ஆகவே ஒவ்வொரு எழுத்தும் எங்கே இருக்கிறது என்று மனைவியைக் கேட்டுக் கேட்டு, தமிழை இங்கிலீஷ் எழுத்தில், ஒற்றை விரலால் தட்டினார். ஒரு தப்புக்கு ஒரு மணி நேரம். ஆறு மாசத்தில் நூற்று நாற்பத்து மூன்றும் ஒரே பிளாப்பியில் அடங்கின. அடங்கியதும் தலையிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். பெட்டி சுமக்கும்போது மனுஷன் ஏன் சுமக்க வேண்டும்? முப்பது வருஷத்தில் முதல்முறையாகக் குறட்டை விட்டுத் தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் சாப்பிட வருவதாகச் சேதி வந்தது. அவனை உட்கார வைத்து, ஒன்றிலிருந்து வாசித்து, அந்த 'தப்புதான் அத்தான்'-ஐ வாங்கிவிடுவது என்று முடிவாயிற்று. ஆனால் சனிக்கிழமை மத்தியானம் மில் சத்தம் ஒரு மாதிரி இருந்தது. பூட்டுக்கு இரண்டு சாவி போல, பிளாப்பிக்கு ஒரு நகல் வேண்டும்.

"ஏய், இங்க வா. இது என்னமோ கேக்குது."

மனைவி கை துடைத்துக்கொண்டு வந்து திரையைப் படித்தாள். "சோர்ஸ் எங்கன்னு கேக்குது."

"சோறா? இதுக்கும் சோறா?"

"சோறுன்னே வச்சுக்கங்க. எழுதின தட்டை மேல் வாயில போடுங்க. காலித் தட்டைக் கீழ் வாயில போடுங்க. மேல இருக்கிறது கீழ இறங்கும்."

பூட்டுக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நிஜமாவா?"

"நிஜமா."

"உன் தம்பி மேல சத்தியமா?"

"அவன் மேலயே சத்தியம். இன்னொண்ணு. எழுதின தட்டு ஓரத்துல ஒரு வெட்டு இருக்கு பாருங்க. அதுல ஒட்டுத்தாள் ஒட்டிட்டீங்கன்னா யாராலயும் அதை அழிக்க முடியாது."

"காகிதப் பூட்டு! முப்பத்தஞ்சு வருஷமா பூட்டு செய்யறவன்கிட்ட காகிதப் பூட்டு!"

"சொல்றதைச் சொல்லிட்டேன்," என்று அவள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

அவர் யோசித்தார். இவள் யார்? மச்சினனின் அக்கா. மேலே போடு என்கிறாளா, அப்போது கீழேதான் சரி. எழுதினதைக் கீழே செருகினார். காலியை மேலே செருகினார். ஒட்டுத்தாளைக் கசக்கி எறிந்தார். பொத்தானைத் தட்டினார்.

மேல் விளக்கு எரிந்தது. கீழ் விளக்கு எரிந்தது. மில் நாலு நிமிஷம் அரைத்து நின்றது. பிசகில்லாமல் முடிந்ததே என்ற பெருமையில் ஒரு பிளாப்பியை இரும்புப் பெட்டியில் வைத்து, கடையிலேயே உசத்தியான ஏழு லீவர் பூட்டைப் போட்டார்.

மறுநாள் மச்சினன் சாப்பிட்டு ஏப்பம் விட்டான். பூட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"உட்காரு. உன்னைப் பத்திக் கொஞ்சம் எழுதி வச்சிருக்கேன்."

"என்னைப் பத்தியா? அத்தானா?"

பிளாப்பியைப் போட்டார். திரையில் பச்சையாக ஒரே ஒரு வரி. பூட்டை உடைக்காத குறையாகத் திறந்து இன்னொன்றையும் போட்டார். அதே வரி.

"என்னக்கா எழுதியிருக்கு?"

"ஒண்ணுமில்லைன்னு எழுதியிருக்குடா," என்றாள் மனைவி.

மச்சினனுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து கட்டிப் பிடித்துக்கொண்டான். "என் மேல அத்தான் மனசுல ஒண்ணுமே இல்லையா! தங்கம்!"

"விடுடா! உன் தப்பு நூத்திநாப்பத்தி மூணு இருக்குடா!"

"ஒண்ணு சொல்லுங்க பாப்போம்."

பூட்டுக்காரர் தலைக்குள் தேடினார். பெருக்கித் துடைத்த கூடம் மாதிரி இருந்தது. கடைசியில் சுவரைக் காட்டினார். "அந்தப் போட்டோ..."

"ஆமா அத்தான், அதுல நான் நல்லா விழுந்திருக்கேன்ல?"

அவன் போன பிறகு பூட்டுக்காரர் அடுப்பங்கரை வாசலில் போய் நின்றார்.

"நீ வேணும்னே செஞ்சே."

"நான் என்ன செஞ்சேன்? எழுதினது மேல, காலி கீழன்னு சொன்னேனா இல்லையா? ஒட்டுத்தாள் ஒட்டச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னே. ஆனா நான் மாத்திப் போட்டதுல காலி இறங்கி எழுதினதை அழிச்சிடுச்சே..."

"முப்பத்தொரு வருஷத்துல நான் சொன்னதை ஒருநாளாவது செஞ்சிருக்கீங்களா? அதை நம்பித்தானே சொன்னேன்."

மச்சினனிடமிருந்து வரவேண்டிய வார்த்தை இன்னும் வரவில்லை. எதெதற்கு வரவேண்டும் என்பதும் போய்விட்டது. அப்போதுதான் பூட்டுக்காரருக்கு ஒன்று உறைத்தது. ஒவ்வொரு எழுத்தையும் எடுத்துக் கொடுத்தவள் இவள்தான். நகல் வீட்டிலேயே இருக்கிறது!

"உனக்கு அத்தனையும் ஞாபகம் இருக்கா?"

"நூத்திநாப்பத்தி மூணும் இருக்கு."

"சொல்லேன். புண்ணியமாப் போகும்."

"சொல்றேன். முதல்ல நீங்க எனக்கு ஒரு 'தப்புதான்' சொல்லுங்க."

பூட்டுக்காரர் அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தப்புதான்."

மனைவி அரிசி டப்பாவுக்கு அடியிலிருந்து ஒரு தடிமனான நோட்டை உருவினாள்.

"உங்க தப்புல எத்தனாவது நம்பருக்குங்க?"