மாமாவின் அவசர வெளியேற்றம்

புது மருமகள் தமிழ் நன்றாகப் படித்தவளாக இருப்பது குடும்பத்துக்குக் கொஞ்சம் ஆபத்து. நான் சாதாரண தரப் பரீட்சையில் தமிழுக்கு 'ஏ' எடுத்தவள். (மற்றப் பாடங்களைப் பற்றிக் கேட்க வேண்டாம்.)

கல்யாணமாகி இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாவுக்கு வந்த புதிதில் என் மாமனாரும் அத்தையும் பழனிக்குப் புறப்பட்டார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமாவுக்கு அதுதான் முதல் விமானப் பயணம். ஹட்டனில் டிக்கெட் எடுத்த இடத்திலேயே பயணக் காப்புறுதியும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதன் விதிகள் அச்சிட்ட சிறு புத்தகத்தைப் படித்து விளக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

"அவசர மருத்துவ வெளியேற்றம்னு போட்டிருக்கே, அது என்னாம்மா?"

"வயித்தால போறதுங்க மாமா. மரியாதையா எழுதியிருக்காங்க."

"அதுக்குக்கூடப் பாக்குறாங்களா!" மாமா நெகிழ்ந்துபோனார்.

திருச்சியில் இறங்கிய அன்றே மாமா புரோட்டாவை ஒரு பிடி பிடித்திருக்கிறார். மறுநாள் காலை அத்தை லாட்ஜிலிருந்து அழுதுகொண்டே போன் செய்தார். நான் உடனே காப்புறுதிக் கம்பெனியைக் கூப்பிட்டேன். தமிழ் பேசும் ஒரு பெண் எடுத்தார்.

"எங்க மாமாவுக்கு அவசர மருத்துவ வெளியேற்றம்ங்க!"

அவர் பதறிவிட்டார். "யாரு ஏற்பாடு பண்ணினாங்க?"

"யாரும் பண்ணலைங்க. தானாவே நடக்குது."

"நோயாளியால நடக்க முடியுமா?"

"நடக்க எங்கங்க நேரம்? ஓடுறாரு."

(இப்போது யோசித்தால், அந்தப் பெண் மாமாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்திருக்க வேண்டும்.)

சற்று நேரத்தில் லாட்ஜ் வாசலில் சைரன் ஊதிக்கொண்டு ஆம்புலன்ஸ் வந்து நின்றது. இரண்டு பேர் மாமாவைக் கழிவறை வாசலிலேயே மடக்கி, ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து, வயிற்றுக்கு மேல் பெல்ட்டை இறுக்கினார்கள். அந்த நிலைமையில் ஒரு மனிதருக்குச் செய்யக்கூடாத காரியம் அது ஒன்றுதான். "தம்பி, அவுத்துவிடுங்க தம்பி!" என்று மாமா கெஞ்ச, கூடவே அத்தை ஒப்பாரி வைக்க, லாட்ஜே திரண்டு வழியனுப்பியது.

ஆஸ்பத்திரியில் மாத்திரையும் உப்புச் சர்க்கரைத் தண்ணீரும் கொடுத்து அனுப்பினார்கள்.

மாலையில் அந்தப் பெண் என்னை அழைத்தார். "வெளியேற்றம்னா, சீரியசான நோயாளிய வேற ஆஸ்பத்திரிக்கோ சொந்த நாட்டுக்கோ கொண்டுபோறதுங்க. நாங்க பிளேன் வரைக்கும் யோசிச்சிட்டோம்." சிரிப்பை அடக்கிக்கொண்டு தொடர்ந்தார். "செலவு கிடைக்கும். கழிவுத் தொகைய மட்டும் நீங்க கட்டணும்."

"கழிவுக்குமாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை. செலவின் முதல் பகுதியை நாமே ஏற்பதற்குத்தான் அந்தப் பெயர் என்று மூச்சு வாங்கிக்கொண்டே விளக்கினார்.

பழனியிலிருந்து திரும்பிய மாமாவின் முகத்தில் முழிக்கப் பயந்து அடுப்படியில் ஒளிந்திருந்தேன். அவரோ பக்கத்து வீட்டாரிடம், "எம் மருமக ஒரு வார்த்த சொன்னுச்சு, அக்கரையில வண்டி வந்து நின்னுச்சு!" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த உபாதைக்கு அதுதான் பெயர். வேறு பெயர் தெரியாமலே வளர்ந்த என் மகள், போன மழைக்காலத்தில் பாலர் பாடசாலையில் எழுந்து நின்று, "டீச்சர், அவசர வெளியேற்றம்!" என்று கத்தியிருக்கிறாள். மண்சரிவு என்று நினைத்த டீச்சர் மொத்தப் பிள்ளைகளையும் மைதானத்துக்கு ஓட்டிவிட்டார்.

விளக்கம் சொல்ல மாமாதான் போனார். அனுபவஸ்தர்.