சுவரளவுக் கட்டளைகள்

இந்த ஒரு வேலையையாவது மனைவியின் உதவி இல்லாமல் செய்து முடிப்பது என்று ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தீர்மானம் போட்டேன். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கூட்டத்தில் நான் மட்டும்தான் இருந்தேன்.

நான் வண்டி உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் இருப்புக் கணக்கைப் பார்க்கிறவன். இத்தனை வருஷமாகக் கம்ப்யூட்டரில் படம் படமாக இருக்கும். மௌஸால் ஒரு தட்டு தட்டினால் போல்ட் எத்தனை, பேரிங் எத்தனை என்று சொல்லிவிடும். நான் சுகமாக இருப்பது தலைமை அலுவலகத்துக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. புது கம்ப்யூட்டர் அனுப்பினார்கள். திறந்தால் கறுப்புத் திரை. மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் ‘ம், சொல்லு’ என்பது போல மினுக்கிக்கொண்டு நின்றது. அதற்கு மௌஸ் புரியாதாம். கட்டளைகளைத் தட்டச்சு செய்தால்தான் அசையுமாம். கட்டளை போட்டு எனக்குப் பழக்கமில்லை. வாங்கித்தான் பழக்கம்.

“இது தெரிஞ்சவர் யாராவது இருக்கீங்களா?” என்று மேலாளர் கூட்டத்தில் கேட்டார். என் கை தானாக உயர்ந்துவிட்டது. கொசுவை விரட்டத் தூக்கினேன் என்று அப்புறம் சொன்னால் யார் நம்புவார்கள்?

“நல்லது. அடுத்த வியாழக்கிழமை எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டுங்க. கத்துக்க முடியாதவங்களை லாரியோட வெளியூர் போற பிரிவுக்கு மாத்திடலாம்” என்றார். எனக்கு லாரி முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாலே வயிறு புரளும்.

எங்கள் கம்ப்யூட்டர்காரர் இரக்கப்பட்டு ஒரு சார்ட்டை மின்னஞ்சலில் அனுப்பினார். எல்லாக் கட்டளைகளும் ஒரே தாளில். இடப்பக்கம் கட்டளை, வலப்பக்கம் அது என்ன செய்யும் என்ற விளக்கம். “பெரிய சைஸ், பார்த்து பிரின்ட் எடுங்க” என்று எழுதியிருந்தார். பிரின்ட் எடுப்பதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

என் மனைவி ஒரு ஆடைத் தொழிற்சாலையில் பேட்டர்ன் பிரிவுக்குத் தலைவி. சட்டை, பாவாடை வெட்டுவதற்கான காகித மாதிரிகளை நிஜ அளவில் அச்செடுப்பதுதான் அவள் தொழில். கேட்டிருந்தால் காபி ஆறுவதற்குள் முடித்திருப்பாள். தீர்மானம் குறுக்கே நின்றது. சனிக்கிழமை அவள் வேலைக்குப் போனதும் வீட்டு பிரின்டர் முன் உட்கார்ந்தேன்.

முதல் தாள் வந்தது. ஒரு கதவளவு சார்ட், கையகலத் தாளில் அடங்கி ஒடுங்கி வந்திருந்தது. எழுத்தா, தாளில் விழுந்த தூசியா என்று ஊதிப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தூசி பெரிதாகத் தெரிந்தது. அந்தத் தாளில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது என் தலையெழுத்து மட்டும்தான்.

சரி, பெரிதாக்கு என்றேன். பெரிதாக்கியது. தாள் முழுக்க ஒரே ஒரு எழுத்து. அதிலும் பாதி. அதை நம்பி வியாழக்கிழமை போனால் லாரியில் டிரைவர் இருக்கையிலேயே உட்கார வைத்துவிடுவார்கள்.

மூன்றாவது முறை, பல தாள்களாகப் பிரித்து அச்சடிக்கும் வசதியைக் கண்டுபிடித்தேன். பிரின்டர் இருமிக்கொண்டே தாள் தாளாகத் துப்பியது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. தாள்கள் ஹாலில் பறந்து, சோபாவுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், ஒன்று ஜன்னல் வழியாக மாடி வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் மேல். எல்லாவற்றையும் பொறுக்கி வந்தபோது மை தீர்ந்திருந்தது. புதுசு வாங்கிப் போட்டேன். கடையில் கிடைக்கிற மை அது ஒன்றுதான். பொறுமை, திறமை, பெருமை எல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

மனைவி திரும்பி வந்தபோது நான் தரையில் மண்டியிட்டுக் கடைசித் தாளுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தேன்.

“என்னங்க இது, ஹால்ல நடக்க இடமில்லாம?”

“ஆபீஸ் வேலை. உனக்குப் புரியாது.”

“சரி.” கைப்பையை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். “ஆர்-எம்னு அடிச்சா நகல் எடுக்குமா?”

“அப்படித்தானே போட்டிருக்கு.”

“அதுக்குக் கீழேயே சிவப்புல ‘ஒருமுறை செய்தால் திரும்பக் கிடைக்காது’ன்னு இருக்கே. நகல் எடுக்கிறதுக்கு எவனாவது எச்சரிக்கை போடுவானா?”

நான் குனிந்து பார்த்தேன்.

“வலப்பக்கத் தாளை ஒரு வரி இறக்கி ஒட்டியிருக்கீங்க. ஆர்-எம் அழிக்கிற கட்டளை. வியாழக்கிழமை எல்லார் முன்னாடியும் நகல் எடுக்கிறேன்னு சொல்லிக் கிடங்கையே காலி பண்ணியிருப்பீங்க.”

வியாழக்கிழமை விஷயம் இவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றவில்லை. தூக்கத்தில் உளறியிருப்பேன். என் தீர்மானம் அந்த இடத்திலேயே, அதுவும் ஒருமனதாக, ரத்தானது.

“இப்ப என்னம்மா பண்றது?”

அவள் பிரின்டர் பக்கம் போகவில்லை. என்னை என் நாற்காலியில் உட்காரச் சொன்னாள். மூன்று தாளில் மூன்று அளவில் எழுதி, ஒன்றைப் பிடித்துக்கொண்டு எதிர்ச்சுவர் ஓரமாகப் போய் நின்றாள்.

“இங்கிருந்து படிக்க முடியுதா?”

“இல்லை.”

இன்னொரு தாள். “இது?”

“தடுமாறுது.”

“இது?”

“நல்லாத் தெரியுது.”

“அப்ப இதுதான் அளவு. எங்க உட்கார்ந்து படிக்கப்போறோம்னு பார்த்துட்டுத்தான் எழுத்தோட அளவை முடிவு பண்ணணும்.”

காலையிலிருந்து நான் எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவள் கண்ணிலிருந்து ஆரம்பித்தாள். அதற்கப்புறம் அவள் செய்ததை வாய் பிளந்து பார்த்தேன். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு தாளின் ஓரமும் அடுத்த தாள்மேல் கொஞ்சம் ஏறி வரும்படி அமைத்தாள். ஒவ்வொரு மூலையிலும் ஒரு சின்னச் சிலுவைக் குறி. எது எந்த வரிசை என்று ஓரத்தில் எண். ஒரு தாளை மட்டும் அச்சடித்து அளவுகோல் வைத்துப் பார்த்தபின்தான் மற்றதெல்லாம். ஜன்னல் கண்ணாடியில் இரண்டு தாளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, வெளிச்சத்தில் சிலுவைமேல் சிலுவை பொருந்தியதும் ஒட்டினாள். கையால் தடவிப் பார்த்தால்தான் ஒட்டு இருப்பது தெரியும். இவளைக் கட்டிக்கொண்டதைத் தவிர என் வாழ்க்கையில் நான் ஒழுங்காக ஒட்டியது எதுவும் இல்லை என்று தோன்றியது. அதைக்கூட என் அம்மாதான் செய்தாள்.

“இந்த எதிர்ச்சுவர்ல மாட்டிடலாம்” என்று டேப்பை எடுத்தேன்.

“ஒட்டிப் பாருங்க” என்றாள். குரலில் ஒன்றுமே இல்லை.

ஒட்டினேன். சார்ட் ஒரு மூச்சு நின்றது. பிறகு சர்ரென்று இறங்கியது. கூடவே, முறம் அகலத்துக்குச் சுவரின் பழைய பெயின்டும் உரிந்து வந்தது.

“ஆணி அடிக்கட்டுமா?”

“உதிர்ற சுவர்ல ஆணி எங்கங்க நிக்கும்?”

ஆணிக்கு ஆணை கிடைக்கவில்லை.

“வேற சுவர்?”

“அந்தப் பக்கம் ஜன்னல். இந்தப் பக்கம் அலமாரி. உங்க நாற்காலிக்கு நேரா இருக்கிறது இது ஒண்ணுதான். எழுத்து அளவு பார்த்ததும் இந்தச் சுவருக்குத்தான். சுரண்டிட்டுப் பட்டி பார்த்து, பெயின்ட் அடிச்சுட்டா கல்லு மாதிரி நிக்கும். ஆனா உங்களுக்கு எதுக்கு அந்தச் சிரமம். விடுங்க. லாரியிலயும் மனுஷங்கதானே போறாங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஏணிமேல் இருந்தேன்.

ஏணி மாடி வீட்டுக்காரருடையது. அவர் பத்திரிகை அச்சகத்தில் பிழைதிருத்துபவர். ஏணியைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

“சார்ட் மாட்டவா சுவர் சுரண்டறீங்க?”

“ஆமா.”

“எங்க வீட்டுல போன வருஷம் உலக வரைபடம் மாட்டறதா இருந்தோம்” என்றார்.

“மாட்டினீங்களா?”

அவர் ஏணி ஆடாமல் பிடித்துக்கொண்டார். அவர் மனைவியும் என் மனைவியும் சாயங்காலம் சேர்ந்து நடைப்பயிற்சி போகிறவர்கள். அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

பட்டியல் மாட்டப் போனவன் பட்டி பூசினேன். பெயின்ட் வாங்கக் கடைக்குக் கிளம்பியபோது மனைவி பரணிலிருந்து ஒரு டப்பாவை இறக்கித் தந்தாள். இளம் மஞ்சள். பிரஷ், உப்புத்தாள், பழைய துணி எல்லாம் ஒரே பையில் தயாராக இருந்தன.

“இதெல்லாம் எப்ப வாங்கினே?”

“எப்பவோ தள்ளுபடியில. பட்டி காஞ்சிருச்சா பாருங்க.”

தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் ஏணி ஏறினேன். சார்ட் தரையில் விரிந்து கிடந்தது. மேலே நான். கீழே அதன் ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு அவள்.

“சும்மாதானே கை ஓடுது, வாயும் ஓடட்டும். என்னென்ன இருக்குன்னு காட்ட?”

“எல்-எஸ்.”

“நகல் எடுக்க?”

“சி-பி.”

“ஒண்ணை இடம் மாத்த?”

“எம்-வி.”

“அந்த மூலையை விட்டுட்டீங்க பாருங்க. இப்ப எங்க இருக்கோம்னு தெரியலைன்னா?”

“உன்னைக் கேட்பேன்.”

“கம்ப்யூட்டர்ல.”

“பி-டபிள்யூ-டி.”

“ஒரு கட்டளை எதுக்குன்னே மறந்துபோச்சுன்னா, எம்-ஏ-என், ‘மேன்’னு அடிச்சாப் போதுமாம். விளக்கமா பதில் சொல்லுமாம்.” சார்ட்டிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். “கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ற மேன். கம்ப்யூட்டர்ல வச்சிருக்காங்க.”

தப்பாகச் சொன்னால் அதே இடத்தில் இன்னொரு முறை பெயின்ட் அடிக்க வைத்தாள். சுவரின் நடுப்பகுதி அதனால்தான் அவ்வளவு பளபளப்பு. புதன்கிழமை சாயங்காலம் இரண்டாவது பூச்சு முடிந்தபோது அவள் கேட்டு முடிப்பதற்குள் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். இத்தனைக்கும் என் கண் முழுக்கச் சுவரில் இருந்தது. கீழே கிடந்த சார்ட்டை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

“ஈரமா இருக்கு. நாளைக்கு மாட்டிக்கலாம்” என்றாள்.

வியாழக்கிழமை கறுப்புத் திரை முன் உட்கார்ந்தேன். மேலாளர் பின்னால் நின்றார். அவருக்குப் பின்னால் மொத்தக் கிடங்கும் நின்றது. யாரோ கீழேயிருந்து “என்னென்ன இருக்குன்னு காட்ட?” என்று கேட்பது போலிருந்தது. விரல் தானாக ஓடியது. போல்ட் வந்தது, பேரிங் வந்தது. ஒரு அலமாரிக் கணக்கை இன்னொன்றுக்கு மாற்றினேன். நகல் எடுத்தேன். ஆர்-எம் பக்கம் மட்டும் போகவே இல்லை.

“ஒரு பேப்பரைக்கூடப் பார்க்காம அடிக்கிறீங்களே, எப்படிங்க?” என்றார் மேலாளர்.

“வீட்டுல கொஞ்சம் பயிற்சி எடுத்தேன் சார்.”

“மத்தவங்களுக்கும் நீங்களே சொல்லிக்குடுங்க. கிடங்கைவிட்டு எங்கேயும் போயிடாதீங்க.”

வீட்டுக்குப் பறந்து வந்தேன். வழியில் நல்ல டேப்பாகப் பார்த்து வாங்கினேன். என்னைக் காப்பாற்றிய சார்ட்டை என் கையாலேயே மாட்ட வேண்டும் என்று மனசு துடித்தது. மனைவி ஹாலில் காத்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கக் கேட்க அவள் முகம் மலர்ந்தது. அவளுக்கும் உள்ளுக்குள் பயம் இருந்திருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“எல்லாம் உன்னாலதான்” என்றேன். மனசாரச் சொன்னேன். “சார்ட் எங்கே? மாட்டிடலாம்.”

“எல்லாமே மனப்பாடம் ஆயிடுச்சே. இனிமே எதுக்குங்க அது?”

“அப்ப இந்தச் சுவர்?”

“சுவருக்கு என்ன? அழகா இருக்கு. ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டிருந்தேன்.”

“சார்ட்டை என்ன பண்ணினே?”

“பின்பக்கம் வெள்ளையா இருந்துச்சு. அந்தக் கலருக்குப் பொருத்தமா திரைச்சீலை தைக்கலாம்னு பேட்டர்ன் வெட்டிட்டேன்.”

நான் டேப்பும் கையுமாக நின்றேன். இளம் மஞ்சள் சுவர் ஒரு ஆணி, ஒரு கோடு, ஒரு கறை இல்லாமல் சாயங்கால வெளிச்சத்தில் பளிச்சென்று இருந்தது. உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவள் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

“ஏங்க, படுக்கையறைக்கு ஆகிற மாதிரி உங்க ஆபீஸ்ல வேற ஏதாவது சார்ட் குடுப்பாங்களா?”